போர் முடிந்த மலை

சென்னை சென்ட்ரலில் கிளம்பும் திருத்தணி மின்சார ரயில் அரக்கோணம் வரை சமவெளியிலேயே ஓடுகிறது. அங்கே வடக்கே திரும்பிய பிறகுதான் பாறையும் புதருமாகக் குன்றுகள் தலைகாட்டத் தொடங்கும். புறநகர் ரயில்களுக்குத் திருத்தணிதான் கடைசி நிலையம். அடுத்த நிலையமான பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரம். ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் கேட்கும். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் காவடிகள் வந்து குவியும். அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகச் சொல்லப்படும் இந்த மலைக்கு மற்ற ஐந்துக்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. கந்த சஷ்டியில் மற்ற படைவீடுகள் சூரசம்ஹாரத்துக்குத் திரளும்போது இங்கே சம்ஹாரம் நடப்பதில்லை. சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து வந்து அமர்ந்த இடம் இது, வள்ளியை மணந்த இடம் இது என்கிறது தலபுராணம். சினம் ஆறியவர் முன்னால் மறுபடி ஒரு போரை நடத்திக் காட்டுவானேன் என்று, அந்த நாளில் இங்கே மலர்களைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள்.

சண்டையை நடத்திக் காட்டாத இந்த ஊருக்கு வரும்போதுதான் சண்டை எப்படிக் கதையாகிறது என்ற கேள்வி எனக்குக் கூர்மையாக எழுகிறது. நான் சொல்ல வருவது தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி. கேபிள் டிவி வந்த தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் நம் வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்து, பிறகு டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனதே, அதைப் பற்றி. அதன் வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு சீட்டுகள் பள்ளிக்கூடப் பைகளில் இருந்தன. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. பெரியவர்கள் 'எல்லாம் பொய்' என்று ஒரே சொல்லில் அதை ஒதுக்கினார்கள். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்த ஆட்டம் என்பது உண்மைதான். ஆனால் முடிவு முன்பே தெரிந்த சண்டையை ஊர் கூடி உட்கார்ந்து பார்ப்பதும், அது படிப்படியாக ஏறுவதை உடம்பால் உணர்வதும் இந்த வட்டாரத்துக்குப் பல தலைமுறைப் பழக்கம். தேர்ந்த மல்யுத்த ஆட்டம் ஒன்றை மதிப்பிட வேண்டிய அளவுகோல் அமெரிக்காவில் இல்லை, இங்கேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் ஏற்றம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பலர் நினைப்பதுபோல அடி பலமாகிக்கொண்டே போவது ஏற்றம் ஆகாது. திருச்செந்தூர்க் கடற்கரையில் சஷ்டி மாலை நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். கழியில் தூக்கிவரப்படும் சூரனின் உருவம் முதலில் யானை முகத்தோடு வருகிறது. அது தாரகன். முருகனாகிய ஜெயந்திநாதரை வலம் வந்து எதிரே நின்று வேலுக்கு வீழ்கிறது. தலையைக் கழற்றிச் சிங்க முகம் மாட்டுகிறார்கள். மறுபடி வலம், மறுபடி எதிர்ப்பு, மறுபடி வேல். மூன்றாவதாகச் சூரபத்மன் தன் சொந்த முகத்தோடு வருகிறான். அதன் பிறகு மாமரம், கடைசியில் சேவல். ஒவ்வொரு முறையும் பாய்வது அதே வேல்தான். அதன் வேகமும் ஏறக்குறைய அதேதான். மாறுவது எதிரே நிற்பவன் யார் என்பது. தம்பிகள் விழுந்த பிறகு அண்ணன் சொந்த முகத்தோடு வந்து நிற்கும்போது கூட்டத்தில் எழும் ஆரவாரத்துக்குக் காரணம், முன்னால் விழுந்த இரண்டு தலைகள். கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் இதை இன்னும் நுட்பமாக அடுக்குகிறார். கிரௌஞ்ச மலையும் தாரகனும் வீழ்கிற முதல் வெற்றி, வீரபாகுவின் தூது, பானுகோபனோடு நடக்கும் ஏறியிறங்கும் போர்கள், சிங்கமுகன், பிறகு சூரனின் வடிவ மாற்றங்கள் என்று போகும் அந்த அடுக்கில், கடைசி அடிக்குச் சற்று முன்னால் முருகன் தன் பேருருவத்தைக் காட்டுகிறார். சூரன் ஒரு கணம் உண்மையை உணர்ந்து கைகூப்பும் நிலைக்கு வருகிறான். அத்தோடு போர் முடிந்துவிடும் என்று தோன்றும் அந்த இடத்தில், அகந்தை மீண்டும் தலைதூக்கி அவனை மாமரமாகக் கடலில் நிற்க வைக்கிறது. முடிந்தது என்று நினைக்க வைத்து மறுபடி திறக்கும் இந்தத் திருப்பத்தை நல்ல மல்யுத்த ஆட்டக்காரர்கள் அனைவரும் நம்பியிருக்கிறார்கள். நடுவரின் கை இரண்டு முறை தரையில் அடித்து, மூன்றாவது விழுவதற்குள் கீழே கிடப்பவன் தோளை உயர்த்துகிறானே, அதன் இலக்கணம் இதுதான்.

நிஜமான சண்டைக்கு இந்தக் கடமை எதுவும் கிடையாது. காமா பயில்வானின் வரலாறே இதற்குச் சான்று. 1910 செப்டம்பரில் லண்டனில் அவர் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் பாயோடு பாயாகப் படுத்துத் தற்காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் முடிவில்லை. அதே இருவரும் 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா வென்றார். ஒன்றில் பார்வையாளனுக்குத் தேக்கம், மற்றதில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவு. வீரத்தின் அளவில் இரண்டும் பெரியவை. காமாவை மதிக்காத மல்யுத்தப் பிரியர் எவரும் இல்லை. ஆனால் அவை கதை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவற்றுக்கு இல்லை. 1920-களில் அமெரிக்காவில் எட் 'ஸ்ட்ராங்ளர்' லூயிஸும் அவருடைய கூட்டாளிகளும் மணிக்கணக்கில் நீளும் தரைப்பிடிகளைக் குறைத்து, தூக்கி வீசுதலும் வேகமும் மாறிமாறி வரும் ஆட்டமுறையைக் கொண்டுவந்தபோது, அவர்கள் இந்தத் தேக்கத்துக்குத்தான் விடை தேடினார்கள். மல்லின் உடம்பை வைத்துக்கொண்டு அதற்குள் நாடகத்தின் காலக்கணக்கை ஏற்றினார்கள்.

நம் பக்கத்தில் அந்தக் காலக்கணக்கு திரௌபதி அம்மன் கோயில் வாசலில் இருக்கிறது. திருத்தணியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், தெற்கே காஞ்சிபுரம், செய்யாறு வரையிலும் கோடைகாலம் பாரத காலம். 'ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க' என்றால் காப்புக் கட்டி, கொடியேற்றி, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள் நடக்கும் விழா என்று பொருள். வில் வளைப்பு, திரௌபதி கல்யாணம், ராஜசூயம், சூதும் துகிலுரிதலும், அர்ச்சுனன் தபசு, விராட பருவத்து மாடுபிடிச் சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கூத்தாகப் போய், பதினெட்டாம் போரில் முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் வட்டாரத்திலும் இதே விழா தெலுங்கில் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடியும்வரை போகும். வேஷக்காரர் உடனே முகம் காட்டமாட்டார். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரிய, சலங்கை மட்டும் கீழே கேட்க, நெடுநேரம் காக்கவைத்த பிறகே திரை விலகும். முகவீணை உச்சத்துக்குப் போகும். அரங்கின் விளக்கை அணைத்து, ஒரு மணியோசையை மட்டும் ஒலிக்கவிட்டு, அதன் பிறகு அண்டர்டேக்கரை மெல்ல நடந்து வரவைப்பவர்கள் இந்தத் திரைப் பிரவேசத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இருந்தும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

இதில் மிக உயர்ந்த கட்டம் படுகளம். கோயிலுக்கு அருகே திறந்த வெளியில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை வடித்திருப்பார்கள். நாற்பது ஐம்பது அடி நீளத்துக்கும் மேலே போகும் உருவம் அது. முறுக்கிய மீசை, விழித்த கண், தலையில் கிரீடம், கையில் கதை. இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அரிதாரம் வழிய வந்து, அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன் மேலேறியும் ஓடி மோதுவார்கள். துரியோதனன் ஓடுவான், பீமன் துரத்துவான்; நின்று முறைப்பார்கள்; மறுபடி ஓட்டம். முடிவு அங்கே நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் நகரமாட்டார்கள். ஏன்? பீமன் எங்கே அடிக்கப் போகிறான் என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். சூது மண்டபத்தில் திரௌபதியைப் பார்த்துத் துரியோதனன் தட்டிக் காட்டிய தொடை அது. அதைப் பிளப்பேன் என்று பீமன் சபதம் செய்ததை அதே கூட்டம் பல இரவுகளுக்கு முன்னால் கேட்டிருக்கிறது. விரித்த கூந்தலை முடிக்கமாட்டேன் என்று அவள் சொன்னதையும் கேட்டிருக்கிறது. மண் தொடைக்குள் புதைத்து வைத்த செந்நீர் கதை பட்டுப் பீறிடும்போது, அதை எடுத்துத் திரௌபதியின் கூந்தலில் தடவி முடிக்கிறார்கள். அன்று மாலை தீமிதி.

இங்கேதான் சண்டைக்கதையின் மையம் இருப்பதாக நான் நினைக்கிறேன். உடம்பில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த இடத்தின் மீது ஒரு கடனை ஏற்றி, அதை மறக்காமல் கொண்டுவந்து, கடைசியில் அதே இடத்தில் தீர்ப்பது. இடையில் வரும் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தக் கடனுக்கு வட்டி. மல்யுத்தத்தின் பேர்பெற்ற ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் இதே கணக்கு தெரியும். 1987 மார்ச் 29 அன்று மிச்சிகனில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியது பலராலும் கொண்டாடப்படும் ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் சாவேஜ் ஸ்டீம்போட்டின் தொண்டையை மணியால் நசுக்கியதாகக் கதை. அதனால் அந்த ஆட்டம் முழுவதும் தொண்டை ஒரு தனிப் பாத்திரமாகவே இருந்தது. சாவேஜ் அந்த இடத்தை நெருங்கும்போதெல்லாம் அரங்கம் மூச்சை அடக்கியது. சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதி வைத்து ஒத்திகை பார்ப்பவர். கூத்து வாத்தியாருக்கு இது விநோதமாகப் படாது.

1997 மார்ச் 23 அன்று சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட் அரங்கில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதிய ஆட்டம் படுகளத்துக்கு இன்னும் நெருக்கமானது. இருவரில் ஒருவர் தோல்வியை வாயால் ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்பது நிபந்தனை. ஹார்ட் நேர்மையானவர், பல மாதங்களாகத் தனக்கு அநீதி இழைக்கப்படுவதாகக் குமுறிக்கொண்டிருந்தவர். ஆஸ்டின் வாய்க்கொழுப்பு மிகுந்த முரடர். ஹார்ட்டின் இறுதிப்பிடி எதிராளியின் இரண்டு காலையும் பின்னி, கவிழ்த்துப் போட்டு, முதுகை வளைப்பது. ஆகவே ஆட்டத்தின் நடுப்பகுதியை அவர் ஆஸ்டினின் காலுக்கே ஒதுக்குகிறார். முழங்காலைக் கம்பத்தில் சுற்றி இழுக்கிறார், நாற்காலியால் அடிக்கிறார். அப்போது அது வெறும் கொடுமையாகத்தான் தெரிகிறது. பொருள் பிறகே விளங்குகிறது. ஆஸ்டின் நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம் வழிய, கிடைத்த மின்கம்பியால் ஹார்ட்டின் கழுத்தை இறுக்குகிறார். ஹார்ட் கைக்கெட்டிய மணியால் அடித்து விடுபட்டு அந்தக் கால்பிடியைப் போடுகிறார். இனி ஆஸ்டின் செய்ய வேண்டியது ஒன்றுதான், 'தோற்றேன்' என்று சொல்வது. சொல்லவில்லை. பற்களுக்கிடையே ரத்தம் ஓட, கைகளை ஊன்றி எழுந்து பிடியை ஏறக்குறைய உடைத்தே விடுகிறார். முடியாமல் சரிகிறார். நினைவு தப்பிவிட்டது என்று நடுவர் கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். ஜெயித்த பிறகும் ஹார்ட் கிடக்கும் காலை மறுபடி அடிக்கிறார். வந்தபோது அவரை வாழ்த்திய அரங்கம் போகும்போது ஏசியது. உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டு நொண்டியபடி தனியாக நடந்த ஆஸ்டினைக் கொண்டாடியது. வென்றவன் தோற்றவனாகவும் தோற்றவன் வென்றவனாகவும் மாறிய அந்த மாற்றம் இருபது சொச்ச நிமிடங்களுக்குள் நடந்தது.

பாரதம் அறிந்தவருக்கு இது அந்நியம் இல்லை. கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிப்பது அதர்மம். பீமன் அடித்தது தொடையில், அதுவும் கண்ணன் தரப்புக் குறிப்பின்படி. அதைக் கண்டு பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு கொதித்தெழுகிறார். அத்தனை பருவங்களிலும் வெறுக்கப்பட்ட துரியோதனன் சாகும் நேரத்தில் வணங்காத தலையோடு கிடக்கிறான். சில ஊர்ப் படுகளங்களில் காந்தாரி வேஷக்காரர் வந்து மண் உடம்பருகே ஒப்பாரி வைக்கும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதுண்டு. கூந்தல் முடிந்த மகிழ்ச்சியும் இந்த அழுகையும் ஒரே களத்தில் நிற்கின்றன. ஏற்றம் சரியாகக் கட்டப்பட்டால் உச்சியில் கிடைப்பது வெறும் வெற்றி முழக்கமாக இருக்காது, வெற்றியைப் பற்றிய சங்கடமும் கூடவே வரும்.

இந்தியாவில் கோதாவும் புராணமும் இன்னும் நேரடியாகவே சந்தித்திருக்கின்றன. 'தாராசிங், கிங்காங்' என்று நம்மூரில் இன்றும் சேர்த்தே உச்சரிக்கிறார்கள். கிங்காங் என்பவர் ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த எமில் சாஜா. சுமார் 200 கிலோ எடை என்று விளம்பரப்படுத்தப்பட்ட மலை உருவம். ஐம்பதுகளில் இருவரும் மோதிய ஆட்டங்களில், மலையை மனிதன் தூக்கிவிடுவானா என்பதே கேள்வி. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய கதை, ஆனால் அந்த ஒரு தூக்கலுக்கு எவ்வளவு நேரம் காக்கவைப்பது என்பதில்தான் கலை. தாராசிங் 1959-ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் பெற்றார். 1968-ல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றார். இடையில், 1965-ல் வந்த 'மகாபாரத்' இந்திப் படத்தில் அவர்தான் பீமன், நம் பத்மினிதான் திரௌபதி. பிற்பாடு ராமானந்த் சாகரின் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமன். கோதாவில் உடம்பால் நம்பவைத்தவரைப் புராணத்திலும் மக்கள் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டும் ஒரே திறமையைக் கேட்பவை.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். 'பொய்ச் சண்டை' என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜம் என்று சொல்லிப் பல காலம் டிக்கெட் விற்றார்கள். அது ஏமாற்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1989-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே நியூ ஜெர்சி சட்டமன்ற மேலவையில் இது விளையாட்டுப் போட்டி கிடையாது, கேளிக்கை நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக. குட்டு உடைந்ததும் கூட்டம் கலைந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு; அதற்குப் பிந்தைய தொண்ணூறுகளின் இறுதியில்தான் அந்தத் தொழில் உச்சத்தைத் தொட்டது. ஹார்ட்-ஆஸ்டின் ஆட்டமே அந்த ஒப்புதலுக்கு எட்டு ஆண்டு பின்னால் நடந்தது. பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் 1957-ல் வெளிவந்த தன் 'மித்தாலஜிஸ்' நூலை மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். அது விளையாட்டு இல்லை, காட்சி. ஒவ்வொரு கணமும் துல்லியமாக விளங்குவதே அதன் இன்பம் என்பது அவர் வாதம். நான் அவரிடமிருந்து ஓரிடத்தில் விலகுகிறேன். குத்துச்சண்டையைப் போலக் காலத்தில் திரண்டு முடிவை நோக்கிப் போகும் கதை மல்யுத்தத்துக்கு இல்லை, ஒவ்வொரு கணமும் தனித்தனியே பொருள் தரும் என்றார் அவர். படுகளத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பல இரவுகளின் திரட்சி இல்லாமல் அந்தத் தொடைக்கு எந்தப் பொருளும் இல்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. கூத்தும் சம்ஹாரமும் வழிபாடு, மல்யுத்தம் வியாபாரம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாத இடம் உண்டு. பதினெட்டாம் போர் ஆடும் வேஷக்காரர்களில் பலர் அந்த வேஷத்துக்கென நெறிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். பார்ப்பவர்களில் சாமி வந்து ஆடுபவர்கள் உண்டு. அன்று மாலை நெருப்பில் இறங்கப்போகிறவர்கள் மஞ்சள் உடுத்தி அங்கேயே நிற்கிறார்கள். அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் என் ஒப்பீடு பக்தியைப் பற்றியது இல்லை, கட்டுமானத்தைப் பற்றியது. கூத்துக் குழுவும் ஊரிடம் தேதி பேசி, முன்பணம் வாங்கி, பிழைப்பாகத்தான் ஆடுகிறது. பிழைப்பு என்பதால் அந்த வாத்தியாரின் கலை குறைந்துபோகிறதா? குறையாது என்றால் சாவேஜின் கலையும் குறையாது.

மூன்றாவது மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஏற்றம் ஏற்றம் என்று போய் எங்கே நிற்பது? 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் பதினாறு அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி கீழே இருந்த மேசை மீது எறியப்பட்டார். பிறகு கூண்டின் கூரை பெயர்ந்து உள்ளேயும் விழுந்தார். உலகமே அதை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே உச்சி நடந்துவிட்டதால், மிச்சமெல்லாம் அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதைப்புதான். ஜப்பானில் இதற்கு இன்னும் துயரமான உதாரணம் இருக்கிறது. 1994 ஜூன் 3 அன்று தோக்கியோ புதோகான் அரங்கில் மிசாவாவும் கவாடாவும் மோதியது, ஏற்றக் கலையின் சிகரங்களில் ஒன்று. பள்ளி நாள் முதல் கூடவே வளர்ந்த இருவரின் பொறாமையும் நட்பும் ஒவ்வோர் அடியிலும் தெரியும். ஆனால் அந்தப் பாணி ஆண்டுக்கு ஆண்டு புதிய உச்சியைக் கேட்டது. தலையும் கழுத்தும் தரையில் மோதும் வீச்சுகள் வழக்கமாகிவிட்டன. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், பின்னுக்கு வீசப்பட்ட ஒரு சாதாரண வீச்சுக்குப் பிறகு மிசாவா கோதாவிலேயே சரிந்து உயிரிழந்தார். 46 வயது. ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். படுகளம் இதைவிட அறிவுள்ளது என்று நான் துணிந்து சொல்வேன். அங்கே அடி விழுவது மண்ணில். ஆடுபவர் உடம்பு களைக்கும், கால் வலிக்கும். ஆனால் தொடை பிளப்பது மண்ணுக்கு மட்டும்தான். உயரத்தைக் கூட்டுவதற்குப் பதில் கடனைக் கூட்டினால் ஒருவர் சாகாமலே ஊர் அழும்.

அடி எங்கே தணிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஏற்றத்தைப் பாதிதான் பார்த்ததாகும். திருத்தணி மலைக்குப் போக வண்டிப்பாதை இருந்தாலும் வேண்டுதல்காரர்கள் படி வழியைத்தான் எடுக்கிறார்கள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். டிசம்பர் 31 அன்று படிக்குப் படி நின்று பூஜை செய்து பாடி ஏறும் திருப்புகழ்த் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மேலே போனால் போரின் மிச்சங்கள் இரண்டு இருக்கின்றன. தாரகன் எறிந்த சக்கரத்தை முருகன் மார்பில் தாங்கியதாகவும் அதன் தழும்பு மூலவர் மார்பில் இருப்பதாகவும் இத்தலத்து நம்பிக்கை. வென்றவன் உடம்பிலும் போர் ஒரு குறி வைத்திருக்கிறது. இன்னொன்று, சன்னதி முன்னால் மயிலுக்குப் பதில் நிற்கும் யானை. தெய்வானையோடு சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம் அது. அதைக் கொடுத்த பின் தேவலோகத்தின் வளம் குன்றியதால், யானையின் பார்வை இந்திரன் இருக்கும் கிழக்குத் திசை நோக்கி இருக்கும்படி முருகன் அருளினார் என்கிறார்கள். தன் பக்கம் நின்றவர்களும் போரில் எதையோ இழந்தார்கள் என்று ஒரு வெற்றித் தலமே கணக்கு வைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. தோற்ற சூரனோ மயிலும் சேவலுமாக முருகன் கோயில்களில் கும்பிடப்படுகிறான். மல்யுத்தத்திலும் நல்ல ஆட்டங்கள் இந்தத் தணிவுக்கு இடம் விடுகின்றன. 1989-ல் ரிக் ஃபிளேரும் ஸ்டீம்போட்டும் பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில் என்று மூன்று பெரிய ஆட்டங்கள் ஆடினார்கள். மூன்றாவதில் பட்டத்தை மீட்ட ஃபிளேர், எதிராளியின் கையைப் பற்றிக் குலுக்கி அவரைப் போற்றினார். அத்தனை நாள் ஆணவமே வேஷமாக இருந்தவரை அந்தக் கைகுலுக்கல் மாற்றியது. அடுத்த சில நிமிடங்களிலேயே டெரி ஃபங்க் அவரைத் தாக்கியபோது அரங்கம் ஃபிளேருக்காகப் பதறியதற்கும் அதுதான் காரணம்.

இன்று இந்த ரசனைக்குப் பெரிய எதிரி 'பொய்' என்ற சொல் இல்லை, துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும் பழக்கம். ஃபோலி கூண்டிலிருந்து விழுவதைச் சில விநாடிகளில் கைப்பேசியில் பார்த்துவிடலாம். ஆஸ்டினின் ரத்த முகமும் ஒரு படமாகச் சுற்றுகிறது. கூத்தையும் நகர மேடைகளுக்காக ஒரு மணி நேரமாகச் சுருக்குகிறார்கள். நேரமின்மை புரிகிறது, ஆனால் சுருங்கிய கூத்தில் முதலில் போவது காத்திருப்பு, காத்திருப்பு போனால் ஏற்றமும் போய்விடுகிறது. சபதம் கேட்காதவனுக்குத் தொடை வெறும் தொடைதான். ஆகவே மல்யுத்தத்தை ஒதுக்கியவர்களிடமும் கொண்டாடுபவர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. ஹார்ட்-ஆஸ்டின் ஆட்டத்தை முதல் மணியிலிருந்து கடைசி நடைவரை, நடுவில் ஓட்டாமல் ஒருமுறை பாருங்கள். நாற்காலி முதலில் எந்தக் காலில் விழுகிறது என்று கவனியுங்கள். அடுத்த கோடையில் திருத்தணிப் பக்கம் எங்காவது பாரதம் வைத்தால், படுகளத்துக்கு மட்டும் காலையில் போய் நிற்காதீர்கள். சூதும் துகிலும் நடக்கும் இரவுக்கே போய்விடுங்கள். டிக்கெட் கிடையாது, தரையில் விரிக்க ஒரு பாயும் விடியும்வரை விழித்திருக்கும் மனமும் இருந்தால் போதும்.